ரெண்டுக்கும் ஒரே துப்பாக்கி

நீளமானது வேணுங்களா, கட்டையானது வேணுங்களா என்று கேட்டுவிட்டு, கடைக்கார நாயுடு பாட்டுக்கு டீயை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். அவருக்கென்ன, பாவாடைக்கு நாடா வாங்க வந்தவளைக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டார். துளசிமணி குனிந்து மேசையைப் பார்த்தாள். கண்ணாடி மேசை மேல் பச்சைத் துணி விரித்து அதில் இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்று நீளம், குழாய்க்கு மேல் குழாய், மரக்கட்டையெல்லாம் பாலிஷ் போட்டு மினுமினுவென்று. இன்னொன்று கட்டை, கருகருவென்று, குழாய்க்கு அடியில் முன்னும் பின்னும் இழுக்கிற பிடி. நீளமானது ரைபிள் கிளப்புல பறக்கற தட்டைச் சுடறதுக்குங்கம்மா, கட்டையானது வீட்டுல காவலுக்கு வெச்சுக்கறதுக்கு, உங்களுக்கு எதுக்கு வேணும்னு சொன்னீங்கன்னா... எதுக்கு வேணும்? அதைத்தானே போன தீபாவளியிலிருந்து அவளும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள். கலெக்டர் ஆபீசில் கேட்டார்கள், ஸ்டேஷனில் கேட்டார்கள். தோட்டத்துல தனியா இருக்கறனுங்க, ஒரு பாதுகாப்புக்குங்க என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். அறுபதைத் தொடப்போகிற பொம்பளை, புருசன் போய்ச் சேர்ந்தாச்சு, தோட்டத்துக்குள் ஒத்தை வீடு, ரெண்டு மாடு, கத்திக் கூப்பிட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எல்லாரும் உச்சுக்கொட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தன் மட்டும்தான் கடைசி வரைக்கும் எதுக்கும்மா, உனக்கெதுக்கும்மா என்றே கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பெத்த ஒரே மகன் ஜீவானந்தன். இதோ, அவளுக்குப் பின்னால் கதவோரமாக, காத்தாடிக்கு நேர் கீழே நின்றுகொண்டும் வேர்த்து ஊத்துகிறது அவனுக்கு. நீயும் வா கண்ணு, ஆம்பளை ஒருத்தன் கூட இருந்தா நல்லது என்று அவள்தான் கூப்பிட்டாள். மறுபேச்சுப் பேசாமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வந்ததுதான் அவளுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

நீளமானதை எடுத்துப் பார்த்தாள். எடுத்ததும் கை அதுவாகவே தோளுக்குக் கொண்டுபோயிற்று, கன்னம் அதுவாகவே கட்டையில் போய் ஒட்டிக்கொண்டது. அட, இதென்ன இப்படிப் பொருந்துகிறது, அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி! குழாய் முனையை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பி, காலண்டரில் இருந்த முருகனுக்கு மேலாக இடமிருந்து வலமாக ஓட்டினாள். கனந்தாங்கம்மா, ஆனா அந்தக் கனந்தான் கையை நிக்க விடாம இழுத்துட்டுப் போகும், தட்டுக்கு அதுதான் வேணும் என்று நாயுடு சொன்னார். இவர் சொல்லித்தானா? அவள் தோளுக்கே அது தெரியும். சுடக் கற்றுக்கொண்டதாகச் சர்டிபிகேட் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது என்றார்கள், அதற்காகத்தான் முதன்முதலில் கிளப்புக்குப் போனாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றவளைப் பார்த்து வயசுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. சிரிக்கட்டும். களிமண் தட்டு, ஆரஞ்சுக் கலர், உள்ளங்கை அகலம்தான், குழிக்குள்ளிருந்து விசையில் தெறித்துக் கிளம்பி வானத்தில் ஓடும். தட்டைப் பாத்துச் சுடாதீங்கம்மா, அது போகப்போற இடத்தைப் பாத்துச் சுடுங்க என்று கோச்சு பத்துத் தடவை சொன்னார். சோளக்காட்டுப் பரண் மேல் நின்று கிளி ஓட்டக் கவண் வீசினவளுக்கு இது புதுசா? மூன்றாவது தட்டே பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போட்டே சிரித்துவிட்டாள். அப்புறம்தான் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். புருசன் செத்ததற்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பு அவள் வாயில் வந்ததே இல்லை. சர்டிபிகேட் கைக்கு வந்த பிறகும் சனிக்கிழமை ஆனால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு பஸ் ஏறிவிடுகிறாள். அந்தத் தட்டு கிளம்பி உடைகிற வரைக்கும் மனசில் ஒன்றுமே இருக்காது. தோட்டம் இருக்காது, மகன் இருக்காது, அந்தக் கருக்கல் நேரம் இருக்காது. அவளுக்கு அது போதும்.

ஆனால் இந்த நீளத்தை வீட்டு நடையில் வைத்துத் திருப்ப முடியுமா? முடியாது. முன்கூடத்து ஆசாரத்திலிருந்து அவள் படுக்கிற அறைக்குப் போகிற நடை, எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் செத்துப்போன புருசன் போட்டோவில்தான் போய் இடிக்கும். அன்றைக்கு வீட்டுக்குள் புகுந்தவன் அந்த நடையில்தான் நின்றான். தீபாவளி முடிந்து மழை பிடித்திருந்த சமயம். அவளுக்குக் காய்ச்சல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கருக்கல் நேரம், கரண்டு இல்லை. நாய் செத்து, வேறு குட்டி கொண்டுவராமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். ஆசாரத்தில் என்னமோ விழுந்து நொறுங்கிற்று. பீரோக் கண்ணாடி. அப்புறம் டிவி. அப்புறம் துணிமணியை வாரி வாரி எறிகிற சத்தம். ஒரு ஆள் நடைக்கு வந்தான், தலையும் முகமுமாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு. அவள் அறைப் பக்கம் பார்த்தபடி சும்மா நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, ஒரு கொழந்தை பொறந்து வளந்த நேரம் என்றுதான் சொல்வாள். அப்புறம் திரும்பி வெளியே ஓடினான். படுத்தபடியே போலீசுக்குப் போன் போட்டாள், விளக்கு வந்த பிறகு அவர்கள் பார்த்தால் தோடு கீழே கிடக்கிறது, வெள்ளிக் கொலுசு கீழே கிடக்கிறது, ஒன்றும் போகவில்லை. அனுபவமில்லாத பயலுங்க, பயந்து ஓடிட்டானுங்க என்றார்கள் வந்த போலீஸ்காரர்கள். மில்லில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்கள் மேல்தான் ஊரில் எல்லாருக்கும் சந்தேகம். அவனுங்க இல்லைங்க என்று அவள் பட்டென்று சொல்லிவிட்டாள். அவனுங்க இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவளிடம் பதில் இல்லை, காய்ச்சல் வாய்க்கு என்னமோ வந்துருச்சுங்க என்று மழுப்பினாள்.

பதில் இல்லாமல் என்ன? பதில் இருந்தது. அவன் ஓடினான், வாசல் தாண்டி, மாடு கட்டுகிற கட்டுத்தரை தாண்டி, வண்டித்தடத்து கேட்டுக்கு. அங்கே நின்றான். அந்த இரும்புக் கேட்டுக்கு மேல் கீல் விட்டுப்போய் வருசக்கணக்காகிறது. முட்டியைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கித் தள்ளினால்தான் சாத்தும், அப்புறம் சங்கிலியை எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். புதுசாக வருகிறவன் எவனாக இருந்தாலும் அதோடு மல்லுக்கட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவான். கம்பளிக்குள் கிடந்தவள் காதில் அத்தனையும் விழுந்தது. முட்டி பட்ட சத்தம், கேட்டு தரையை உரசாமல் ஒரே தூக்கில் போய்ச் சேர்ந்த சத்தம், சங்கிலி மாட்டின சத்தம். திருட வந்தவன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன், நின்று நிதானமாகக் கேட்டைச் சாத்திவிட்டுப் போகிறானே, எதற்கு? மாடு வெளியே போய் அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைத்துவிடும் என்றுதானே! எந்தத் திருடனுக்கு அந்தக் கவலை? ஜீவா சின்னவனாக இருந்தபோது ஒரு தரம் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான். சினை மாடு பக்கத்துக் காட்டு இளஞ்சோளத்தைத் தின்று, வயிறு உப்பி, பொழுதுக்குள் செத்தே போயிற்று. அவங்கப்பா புளிய விளாரில் பின்னி எடுத்துவிட்டார். அன்றையிலிருந்து அவன் எந்தக் கேட்டையும் திறந்து விட்டுவிட்டுப் போனதில்லை. சொந்தக்காரர், ஒறம்பரை வீட்டுக்குப் போனாலும் கடைசியாக நின்று சாத்திவிட்டுத்தான் வருவான், கல்யாண மண்டபத்துக் கேட்டையே சாத்தப்போய் எல்லாரும் கேலி பண்ணியிருக்கிறார்கள். ஏம்மா, நாங்க வரப்ப கேட்டு சாத்தியிருந்துச்சே, அதை ஆரு சாத்துனது என்று போலீஸ்காரர் கேட்டார். நாந்தானுங்க, அவன் போனதும் எந்திரிச்சுப் போயி நாந்தான் சாத்துனேன். யோசிக்கவே இல்லை, அவளுக்கு முன்னால் அவள் வாய் சொல்லிவிட்டது. அந்தக் காய்ச்சலில் அவளால் அறை வாசல் வரைக்கும்கூட நடந்திருக்க முடியாது.

இருக்கட்டும், கேட்டைச் சாத்தினவனெல்லாம் மகனாகிவிடுவானா? பண்ணையத்தில் வளர்ந்தவன் எவனாக இருந்தாலும் சாத்தியிருப்பான். ஆனால் அந்தத் தூக்கு? தேங்காய் போடுகிற ஆளுக்கும் அந்தத் தூக்குத் தெரியும், மாட்டு டாக்டருக்கும் தெரியும். ஆனால் தேங்காய் போடுகிற ஆள் எதற்கு டிவியை உடைக்கிறான்? இப்படியே செக்கைச் சுற்றுகிற மாடாட்டம் சுற்றிச் சுற்றி வந்தாள், இத்தனை மாசமும். மறுநாள் ஜீவா வந்தான், அவள் மடியில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். வந்துரும்மா, என்கூட டவுனுக்கே வந்துரு, இந்தக் காட்டுக்குள்ள உனக்கென்ன இருக்குது, உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன். அந்த அழுகையில் பொய் இல்லை. பெத்தவளுக்குத் தெரியாதா அழுகையில் எது நிசம் எது வேசம் என்று? நிசமாகத்தான் அழுதான். அதுதான் அவளைக் கொன்றது. அதற்கு முந்தி இரண்டு வருசமாக, வா வா என்று கெஞ்சியிருக்கிறான், மேகாட்டுத் தோட்டத்தில் திருடர்கள் புகுந்து புருசன் பெண்சாதி ரெண்டு பேரையும் கட்டிப்போட்டு நகையைக் கொண்டுபோன பிறகு தினமும் போன் போட்டுக் கெஞ்சினான். அவள் மசியவில்லை. சரி, ஒரு பயத்தைக் காட்டுனாத்தான் கெளம்புவா என்று நினைத்தானா? தாய் மேல் இருக்கிற பாசத்துக்கு எவனாவது இப்படிப் பண்ணுவானா? பண்ணுவான், பண்ணக்கூடியவன்தான், சின்னதிலேயே அவசரக்குடுக்கை. அப்படியே இருக்கட்டும். ஆனால் காட்டை வாங்கி வீட்டு மனையாகச் சைட்டு பிரிக்கிற கும்பலைக் கூட்டிக்கொண்டு வந்து தோட்டத்தைச் சுற்றிக் காட்டினானே, அது? தென்னைக்கு நடுவில் அவர்கள் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது இவன் ஏன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை? அவளுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் செய்தானா, பூமிக்காகச் செய்தானா? இந்த ஒன்று தெரிந்துவிட்டால் போதும், அவள் நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். தெரியவே மாட்டேன் என்கிறது. நேராகக் கேட்டுவிடலாம், கேட்டால் இல்லை என்பான், இல்லை என்று சொல்கிற முகத்தை அவள் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் துப்பாக்கிக்கு எழுதிப்போட்டாள். எழுதிப்போட்டதும் அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனதையும் பார்த்தாள்.

"இதையும் ஒரு கை பாருங்கம்மா," என்று நாயுடு கட்டையானதை எடுத்து, அடியிலிருந்த பிடியை முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு இழுப்பு இழுத்தார். கரக் கரக் என்று கடையே அதிர்ந்தது. "இந்தச் சத்தம் ஒண்ணு போதுங்க, வந்தவன் வேட்டியை விட்டுட்டு ஓடிருவான்!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னால் ஜீவாவின் கார்ச் சாவி கீழே விழுந்தது, குனிந்து எடுத்தான், எடுத்தது மறுபடி விழுந்தது. துளசிமணி திரும்பவில்லை. கட்டையானது கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது, நடையில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். எட்டத்தில் சுட்டால் ரவை பரவலாகப் போகும், வீட்டுக்குள்ள அந்தப் பேச்சே இல்லை, அந்தக் கிட்டத்துல மடக்குன கை முட்டி அளவுக்குத்தான் போயி அடிக்கும், ஆளு தாங்க மாட்டான் என்று நாயுடு விளக்கிக்கொண்டே போனார். நல்ல மனுசன், வியாபாரத்தைப் பார்க்கிறார். மடக்குன கை முட்டி அளவு. கைக்குழந்தையில் ஜீவா சளி பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தபோது அவள் ராவெல்லாம் தேங்காயெண்ணெயில் சூடம் போட்டுத் தேய்த்துவிட்ட நெஞ்சு, அதன் அளவே அவ்வளவுதான் இருந்தது அப்போது. ஐயோ, சாமி! துப்பாக்கியைப் பச்சைத் துணியில் வைத்தாள், வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டுவிட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணலாங்க," என்று நாயுடு உள்ளே போய் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்தார். நீளமும் இல்லை, கட்டையும் இல்லை. குழாய் முனையில் மாற்றி மாற்றித் திருகிக்கொள்கிற மாதிரி சின்னச் சின்ன வளையம், ஒன்றைப் போட்டால் ரவை பரவும், இன்னொன்றைப் போட்டால் ஒடுங்கும். "சனிக்கிழமை தட்டு சுடுங்க, மத்த நாளு வீட்டுல மாட்டி வெயுங்க. ரெண்டுக்கும் ஒரே துப்பாக்கி! லைசென்ஸும் ஒண்ணோட போகுது பாருங்க." ரெண்டுக்கும் ஒன்று. புத்தியுள்ள யோசனைதான். எடுத்துத் தோளில் வைத்தாள், கண்ணை மூடினாள், சும்மா ஒரு பழக்கத்துக்கு. கண்ணை மூடினதும் கிளப்பு வரவில்லை, நடைதான் வந்தது. துண்டு சுற்றின ஆள் நிற்கிறான். அவனைப் பார்க்காதே, அவன் போகப்போற இடத்தைப் பார். எங்கே போவான்? ஆசாரத்துக்குத் திரும்ப மாட்டான், அங்கே கண்ணாடிச் சில்லு கிடக்கிறது. வலது பக்கம் சமையல்கட்டு, அதில் ஒரு படி இறக்கம், புது ஆள் தடுக்கி விழுவான். இவன் தடுக்கி விழ மாட்டான், இவன் அந்தப் படியில் தவழ்ந்தவன், பார்க்காமலே இடது காலைத்தான் முதலில் இறக்குவான், இறக்கும்போது கதவு நிலையை ஒரு கையால் பிடிப்பான். அந்த இடத்துக்கு அவள் குழாய் முன்னாடியே போய் நின்றுவிட்டது. கை ஆடவில்லை. மூச்சு, கோச்சு சொல்லிக்கொடுத்த மாதிரி, பாதியில் நின்றது. விரல் வளைந்தது. இவள் தட்டுக்கென்று பழகினது எல்லாம் இதற்குத்தானா? சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்குள்ளே இதுதான் ஒளிந்திருந்ததா? இத்தனை மாசம் அவன் வந்தானா இல்லையா என்று சுற்றிக்கொண்டிருந்தவள், திரும்ப வந்தால் அவன் எந்தக் காலை முதலில் வைப்பான் என்கிற வரைக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா? கண்ணைத் திறந்தபோது காலண்டர் முருகன் அதே சிரிப்போடு நின்றார், அவருக்கென்ன.

துப்பாக்கியை மெதுவாக இறக்கி நாயுடுவின் கையில் கொடுத்தாள். கொஞ்சம் தண்ணி குடுங்க என்றாள். நாயுடு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். குடித்தாள், முந்தானையில் வாயைத் துடைத்தாள். அப்போதுதான் ஜீவா கதவோரத்தை விட்டு மேசைக்கு வந்தான். நாயுடுவுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தணித்துப் பேசினான்.

"அம்மா, எதையோ ஒண்ணு வாங்கிக்க, நான் குறுக்க நிக்கல. ஆனா வீட்டுல வெச்சீன்னா... எவனாச்சும் உள்ள வந்தான்னு வையி, எடுத்ததும் சுட்டுராதம்மா. ஆரு அதுன்னு ஒரு சத்தம் குடு. ஒரே ஒரு சத்தம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மீசைக்கு மேல் முத்து முத்தாக வேர்வை, கண்ணிரண்டும் சிவந்து கிடந்தது. பயத்திலா, பூமிக்கா என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தாள். ரெண்டும் இருந்தது. ரெண்டும் கலந்தே இருந்தது, பாலும் தண்ணியும் கலந்த மாதிரி, இனிப் பிரிக்கிறதெல்லாம் ஆகிற காரியமில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை.

"அன்னிக்கு நான் சத்தம் குடுக்கலையே சாமி," என்றாள். "கம்பளிக்குள்ள வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். ஆரு அதுன்னு கேட்டிருந்தா, நாந்தாம்மான்னு நீ சொல்லிப்போட்டிருப்பே."

ஜீவா இல்லை என்று சொல்லவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள்ளே அடுக்கியிருந்த தோட்டாப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். நாயுடுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தாயையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். குடும்ப நாயம் என்னமோ போல என்று டீ டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"அந்த நீளமானதையே குடுத்துருங்க," என்றாள் துளசிமணி. "கிளப்புல பொட்டியில வெச்சுப் பூட்டிக்கறமாதிரி எழுதிக் குடுங்க. தோட்டத்துக்குக் கொண்டுபோகல."

"அப்ப வீட்டுக் காவலுக்குங்கம்மா?"

"வீட்டுக்கு வேண்டாங்க. இனி அங்க ஆரும் வரமாட்டாங்க."